இல்லற விளக்கு: களைப்பு ஒரு பாவமா?



இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று சில வாரங்களாக மேசைமீதே இருந்துவருகிறது. எழுதியவர் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றும் தாய். பிள்ளைகள் இருவர், மூத்தவள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். பதினேழு ஆண்டுப் பணி. முன்பெல்லாம் நோயாளி அழைத்தால் ஓடிச் செல்வாராம். இப்போது அழைப்பு மணி ஒலித்தாலே உள்ளம் கசக்கிறதாம். நோயாளிகளின் பெயர் மறந்து, படுக்கை எண்ணைச் சொல்லியே பேசத் தொடங்கிவிட்டதை ஒருநாள் தாமே உணர்ந்து நாணினாராம். வீடு திரும்பியபின் பிள்ளைகள் ஏதேனும் கேட்டால் சினம் பொங்குகிறது. இரவுச் செபமாலையில் மூன்றாம் காரணிக்கத்திற்கு முன்பே உறங்கிவிடுகிறார். இவற்றையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. கணவரோ, ஒன்று வேலையை விட வேண்டும், அல்லது முணுமுணுப்பை விட வேண்டும் என்கிறார். தாம் கெட்டவளாகிவிட்டோமா, வேலையை விட்டுவிடலாமா என்னும் இரு கேள்விகளோடு மடல் முடிகிறது.

இவை அவர் ஒருவருடைய கேள்விகள் அல்ல என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறோம். நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். பள்ளி ஆசிரியை, வங்கி எழுத்தர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண், ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் தையல் எந்திரத்தின் முன் அமர்பவர் என ஒரு வரிசையிலேயே நால்வர் இருப்பர். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றனர். ஆகவே இது எங்கோ மேலைநாட்டில் நடக்கும் செய்தியன்று.

முதற் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுவோம். சகோதரி, நீங்கள் கெட்டவளாகிவிடவில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர், தம்முடன் ஆர்வத்தோடு தொண்டாற்ற வந்தவர்களே நாளடைவில் வெறுமையடைந்து, எரிச்சலுற்று, தாம் யாருக்குத் தொண்டு செய்ய வந்தார்களோ அவர்களையே வெறுக்கத் தொடங்குவதைக் கண்டு, 1974ஆம் ஆண்டில் அதனை 'எரிந்து தீர்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார், பிறருக்குப் பணிவிடை செய்யும் தொழில்களில் இருப்போரை ஆராய்ந்து, இந்நிலையை அளந்தறியும் வினாத்தொகுப்பொன்றை 1981இல் தம் துணையாய்வாளருடன் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டில், இது ஒரு நோய் அன்று, நெடுநாள் நீடித்துச் சரிவரக் கையாளப்படாத பணிச்சுமையால் விளையும் ஒரு நிலை என்று வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் காட்டியது: உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பணியின்மீது உண்டாகும் விலகலும் கசப்பும், எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்னும் எண்ணம். நோயாளியின் பெயர் மறைந்து படுக்கை எண் எஞ்சியதே இரண்டாவது அடையாளம். அது உள்ளத்தின் கொடுமையன்று. இனியும் வலியைத் தாங்க இயலாத உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய சுவர்.

அந்நிறுவனத்தின் வரையறை பணியிடத்தை மட்டுமே கருதுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணியிடத்திலிருந்து திரும்பி, கைப்பையை ஆணியில் மாட்டிய கையோடு அரிசி களையத் தொடங்கும் நம் தாய்மாருக்கு அவ்வரையறை பாதியளவுதான் பொருந்தும்.

தளர்ந்துபோனவரை இறைவன் எவ்வாறு நடத்துகிறார் என்று அறிய விரும்புவோர் அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். கர்மேல் மலையில் மாபெரும் வெற்றி கண்ட எலியா இறைவாக்கினர், அடுத்த சில நாள்களுக்குள் பாலை நிலத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வர வேண்டுமென்று மன்றாடுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கையின்மை என்று குற்றம் சாட்டவுமில்லை. உறங்க விடுகிறார். வானதூதர் எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். உண்டபின் மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. அதன் பிறகே ஓரேபு மலைப் பயணமும் இறைவனோடு உரையாடலும். அவ்வுரையாடலின் முடிவில் எலியாவுக்கு அறிவுரையோடு எலிசா என்னும் துணையாளரும் கிடைக்கிறார். செபமாலையில் உறங்கிவிடும் சகோதரி, அந்த உறக்கத்திற்காக மன்னிப்புக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

இனி ஒரு புனிதையைப் பற்றி. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் இராது. ஆனால் அவருடைய தாயார் ஒரு தொழில் நடத்திய பெண் என்பதை எத்தனை பேர் அறிவர்? பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் வாழ்ந்த செலி குவெரின், இருபத்திரண்டு வயதளவில் சொந்தமாக லேஸ் பின்னல் தொழில் தொடங்கினார். 1858 ஜூலை 13 அன்று கடிகாரத் தொழிலாளரான லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். இத்தனைக்கும் இடையே தொழில் நின்றதில்லை.

அலென்சோன் லேஸ் என்பது சாதாரணப் பின்னல் அன்று. ஊசியாலேயே நூலை இழைத்துச் செய்யும் அந்த வேலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் செல்லும் என்கிறது, 2010இல் அதனை மானுடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்ட யுனெஸ்கோ நிறுவனம். (குமரி மாவட்டத்து முளகுமூடு கன்னியர் மடத்தில் லேஸ் வேலை பழகிய பாட்டிமார் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், கண்ணும் முதுகும் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.) சிறுசிறு துண்டுகளாகத் தத்தம் வீடுகளில் பின்னும் பெண்கள் வியாழன்தோறும் செலி அம்மையாரின் வீட்டுக்கு வந்து வேலையை ஒப்படைத்துப் புதியதைப் பெற்றுச் செல்வர். அத்துண்டுகளை இணைப்புத் தெரியாவண்ணம் ஒன்றாக்கும் நுண்பணியை அவரே செய்வார். வாடிக்கையாளர் குறித்த நாள் தவறக் கூடாது. தொழிலாளிகளுக்குக் கூலி தவறக் கூடாது.

அவர் எழுதிய மடல்களுள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. புனிதையின் மடல்கள் என்று நினைத்துத் திறப்பவர் வியப்படைவர். சன்னலோரம் அமர்ந்து லேஸ் துண்டுகளை இணைக்கும் நேரத்தைப் போலத் தமக்கு இன்பமான நேரம் வேறில்லை என்று ஓரிடத்தில் எழுதுகிறார். மற்றோரிடத்தில் அதே லேஸ்தான் தம் வாழ்வைக் கடினமாக்குகிறது என்றும், வேலை ஆணைகள் குவிந்தால் தாம் அடிமையிலும் கேடான அடிமை என்றும் நொந்துகொள்கிறார். ஆணைகள் குறைந்தாலோ, பெற்ற மக்களைப் போலத் தம்மை நம்பியிருக்கும் தொழிலாளிகளை வேறிடத்திற்கு அனுப்ப நேருமே என்ற கவலை. இவ்விரண்டும் ஒரே கை எழுதியவை. திருச்சபை 2015 அக்டோபர் 18 அன்று அவரையும் அவர் கணவரையும் ஒருசேரப் புனிதராக உயர்த்தியபோது, அந்த நொந்த வரிகளை எவரும் மறைக்கவில்லை.

வேலையை நேசிப்பதும் வேலையால் நைந்துபோவதும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம். அமெரிக்க நாட்டில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் பேராசிரியர், பொறியாளர்களையும் கணக்கர்களையும் வினவி 1959இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மனநிறைவைத் தருவன ஒரு வகை: செய்து முடித்த வேலையின் சிறப்பு, பிறர் அதை ஏற்றுப் பாராட்டுவது, பொறுப்பு, வேலையின் தன்மை. மனக்குறையை விளைவிப்பன வேறொரு வகை: ஊதியம், மேலாளரின் போக்கு, நிருவாக விதிகள், பணிச் சூழல். முதல் வகை நிரம்பியிருப்பதால் இரண்டாவது வகைக் குறை மறைந்துவிடாது. நம் செவிலிச் சகோதரி காய்ச்சலில் கிடந்த குழந்தை கண் விழிப்பதைக் கண்டு இன்றும் மகிழக்கூடும். ஆனால் மாதத்தில் எத்தனை இரவுப் பணி என்பது முன்தினம்தான் தெரியவரும் என்றால், அந்த மகிழ்ச்சி இந்தத் துன்பத்தை ஈடுசெய்யாது. 'உங்களுக்குத்தான் வேலை பிடித்திருக்கிறதே, பிறகென்ன குறை?' என்று கேட்பவர்கள் இதனைச் சிந்திக்கட்டும்.

இப்போது கணவர்மாரிடம் வருவோம். நடுவண் அரசு 2024ஆம் ஆண்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் ஒரு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். ஏதேனும் ஒரு வீட்டு வேலை செய்வோரை மட்டுமே கொண்டு எடுத்த சராசரி இது. அடுக்களைப் பக்கமே எட்டிப் பாராத ஆடவர் இந்த 88 நிமிடக் கணக்கிலும் சேரவில்லை. கடிகாரத்தால் அளக்க முடியாத சுமை ஒன்றும் உண்டு. பள்ளிக் கட்டணம் கட்டும் நாள், சமையல் எரிவாயு தீரும் நாள், மாமியாரின் மாத்திரை, மகளின் சீருடையில் விழுந்த பொத்தான், பூசைக்குக் கருத்துச் சொல்ல வேண்டிய ஆண்டு நினைவு ஆகிய இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலை. 'சொன்னால் செய்துவிட்டுப் போகிறேன்' என்னும் கணவர், சொல்லும் வேலையை மனைவிக்கே விட்டுவைக்கிறார்.

லூயி மார்ட்டின் என்ன செய்தார்? 1870ஆம் ஆண்டில், நன்கு நடந்துகொண்டிருந்த தம் கடிகாரக் கடையைத் தம் உறவினர் ஒருவருக்கு விற்றார். மனைவியின் தொழிலில் கணக்கு, பயணம், பாரிஸ் நகரத்து வாடிக்கையாளர் ஆகிய பொறுப்புகளைத் தாமே ஏற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சில் ஓர் ஆடவர் மனைவியின் தொழிலுக்குத் துணையாகத் தம் கடையை விடுவதென்பது ஊர் பேசக்கூடிய செய்தியாகவே இருந்திருக்கும். நம் வாசகர் எவரும் கடையை விற்க வேண்டியதில்லை. காலை உணவும் பிள்ளைகளின் பள்ளிப் புறப்பாடும் முழுமையாகத் தம் பொறுப்பு என்று ஒரு கணவர் ஏற்றுக்கொண்டால், நினைவூட்டாமலேயே அதை நடத்தினால், இரவுப் பணி முடிந்து வரும் மனைவிக்கு அதுவே பெரும் ஆறுதல். வீட்டுப் பெரியோருக்கும் ஒரு சொல்: தனி ஒருவராக மக்கள் வழக்குகளையெல்லாம் தீர்த்துக் களைத்த மோசேயிடம், சுமையைப் பகிர்ந்தளிக்கச் சொன்னவர் அவருடைய மாமனார் இத்திரோ. புகுந்த வீட்டார் அப்படியும் இருக்கலாம்.

வேலையை விட்டுவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவுகளை மாற்றக் கூடாது என்பது புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் வகுத்த நெறி. ஆகவே இப்போதைக்கு முடிவு வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது குருதிப் பரிசோதனை. சிரிக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை காணப்பட்டது. தைராய்டுச் சுரப்பிக் குறையும் இதே போன்ற சோர்வைத் தரும். மருந்தால் தீரும் குறைக்கு ஆன்மாவைக் குற்றம் சாட்டலாகாது. பிறருக்கு ஊசி போடும் செவிலியர் தம் கையை நீட்டுவதில்லை என்பது நாமறிந்ததே. செலி அம்மையாரும் 1865ஆம் ஆண்டிலேயே தம் மார்பில் தோன்றிய கட்டியைக் குறித்துத் தம் தம்பிக்கு எழுதியிருந்தார். தக்க மருத்துவரை அவர் கண்டது 1876 இறுதியில். அறுவை மருத்துவத்திற்குக் காலம் கடந்திருந்தது. 1877 ஆகஸ்டு 28 அன்று இறந்தபோது அவருக்கு வயது 45; இளைய மகள் தெரேசாவுக்கு வயது நான்கு.

எதிலும் நாட்டமின்மையும், உறக்கமின்மையும், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணமும் தொடர்ந்து இருக்குமாயின், அது வெறும் பணிச்சோர்வு அன்று. மனநல மருத்துவரைத் தாமதமின்றி நாட வேண்டும். அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்தது விடுப்பு. சேர்ந்து கிடக்கும் விடுப்பை உறவினர் திருமணங்களுக்கும் பிள்ளைகளின் தேர்வுகளுக்கும் மட்டுமே செலவிடாமல், உறங்குவதற்கென்றே சில நாள்கள் எடுங்கள். பின்னர் மேற்பார்வையாளரிடம் வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். இரவுப் பணி அட்டவணையை முன்கூட்டியே தரும்படி உடன்பணியாளரோடு சேர்ந்து கேளுங்கள். இத்தனையும் செய்து, சில திங்கள் கழித்து, கணவரோடு அமர்ந்து வரவு செலவுக் கணக்கையும் பார்த்தபின் வேலையை விடுவதே நன்று என்று தோன்றினால் விடுங்கள். தொடர்வதே நன்று என்று தோன்றினால் தொடருங்கள். இரண்டிலும் பாவமில்லை. ஆனால் கணவர் சினத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காக விட வேண்டாம்.

சட்டம் தந்திருப்பதையும் தாய்மார் அறிந்திருப்பது நல்லது. மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இடம்பெற்றன. தமிழக அரசு தன் பெண் ஊழியரின் மகப்பேற்று விடுப்பை 2021இல் ஓராண்டாக்கியது. அதே ஆண்டில்தான், கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என்னும் சட்டத் திருத்தமும் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, அதற்குமுன் எத்தனை தாய்மாரின் கால் நரம்புகள் புடைத்தன என்று நினையாமல் இருக்க முடியவில்லை.

திருச்சபையின் போதனையும் இக்காலத்திற்குள் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. தொழிலாளர் உரிமைக்காக 1891இல் குரல் கொடுத்த பதின்மூன்றாம் சிங்கராயர், பெண்ணின் இயல்பான இடம் இல்லமே என்று கருதினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேலையின் அமைப்பு மனிதரின் வாழ்க்கைக்கு, குறிப்பாகக் குடும்பத் தாய்மாரின் வாழ்க்கைக்கு, ஏற்றதாக அமைய வேண்டும் என்றது. 1981 செப்டம்பரில் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இரண்டாம் ஜான் பால், பெண்கள் முன்னேறுவதற்குத் தம் குடும்பத்தை விலையாகக் கொடுக்க நேராதபடி உழைப்பு அமைக்கப்பட வேண்டும் என்று கேட்டார். வேலைக்கேற்பத் தாய் வளைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதனை மேலாளர்களிடம் சொல்லும் உரிமை நமக்கு எப்போது வரும்? நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இல்லங்களும் எத்தனையோ தாய்மாருக்கு வேலை தருகின்றன. அங்கே ஊதிய உயர்வோ விடுப்போ கேட்கும் ஆசிரியையிடம், 'இது சேவையல்லவா' என்று சொல்லப்படுவதுண்டு. சேவை என்னும் சொல் தாமாக முன்வந்து கொடுப்போரின் வாயில் அழகுடையது. வாங்குவோரின் வாயில் அதற்குப் பொருள் வேறு. மறைமாவட்டத்தின் எத்தனை நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் உண்டு, எத்தனையில் பாலூட்டும் தாய்க்கு ஒரு திரையிட்ட மூலையேனும் உண்டு என்று நம் நிருவாகிகள் தாமே ஒரு கணக்கு எடுப்பார்களாக.

பங்கிலும் செய்யக்கூடியது உண்டு. மரியாயின் சேனை, அன்பியக் கூட்டம், மறைக்கல்வி, பங்குத் திருவிழாச் சமையல் என எல்லாவற்றுக்கும் அழைக்கப்படுவோர் பெரும்பாலும் அதே பத்துப் பெண்கள்தாம். வாரம் ஆறு நாளும் உழைத்தவருக்கு ஞாயிறும் வேலை நாளாகிவிடுகிறது. லூயி மார்ட்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிக்கையாளர் கதவைத் தட்டினாலும் கடையைத் திறந்ததில்லை. அன்பியக் கூட்டத்தில் தேநீரும் பலகாரமும் ஆடவர் பொறுப்பு என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்களுக்கேனும் முடிவு செய்துபார்க்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில், பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பங்கு மண்டபத்தை மாலை வரை திறந்துவைத்து, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாக அமர்த்தவும் பெரும் பணம் தேவையில்லை.

செவிலிச் சகோதரிக்குத் தனி மடலும் அனுப்பியிருக்கிறோம். அடுத்த திங்களில், இப்பொருள் குறித்துக் கணவர்மார் எழுதும் மடல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். இதுவரை வந்திருப்பவை இரண்டு. அவற்றுள் ஒன்று, மனைவி சொல்லக் கணவர் எழுதியது.